பட்டாளம் போனபின் நிலம் யாருக்கு? ஆக்கிரமிப்பிலிருந்து மீளும் நாட்டில் சமூகப் புரட்சி சாத்தியமா – விவாதம்

#1 வடகரையான்

இரண்டு வாரமாக வேறொரு இழையில் தலையும் வாலுமாக ஓடிக்கொண்டிருந்த சண்டையைத் தனியாகப் பிரித்து இங்கே போடுகிறேன்.

கேள்வி இதுதான். அந்நியப் படை ஒரு நாட்டைப் பிடித்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆள்கிறது. பழைய அரசன் ஓடிவிடுகிறான். பழைய போலீஸ் அந்நியனுக்குக் கைகட்டிச் சேவகம் செய்கிறது. கையில் காசு உள்ளவன் கள்ளச் சந்தையில் இன்னும் பெரியவன் ஆகிறான். பிறகு ஒரு நாள் அந்தப் படை மூட்டை கட்டுகிறது. அப்போது கொடி மாறுவதைத் தாண்டி, நிலமும் அதிகாரமும் கைமாறுகிற ஒரு சமூகப் புரட்சி நடக்க முடியுமா?

முடியாது என்கிறேன் நான். கிரீஸைப் பாருங்கள். 1944 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டு வெளியேறியபோது நாட்டின் பெரும்பகுதி ஈ.ஏ.எம். என்ற தேசிய விடுதலை முன்னணியின் கையில் இருந்தது. அதன் படையான எலாஸிடம் துப்பாக்கி இருந்தது, மலை இருந்தது, ஊர்கள் இருந்தன. நான்கே மாதம். 1945 பிப்ரவரி 12 அன்று வார்க்கிசா என்ற கடற்கரை ஊரில் உட்கார்ந்து ஆயுதங்களை ஒப்படைப்பதாகக் கையெழுத்திட்டார்கள். இடையில் டிசம்பர் 3 அன்று சின்டக்மா சதுக்கத்தில் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது. அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் பிரிட்டிஷ் படை ஏதென்ஸ் தெருக்களில் எலாஸோடு போரிட்டது. ஹிட்லரோடு நடந்த போரே அப்போது முடிந்திருக்கவில்லை. அந்த நிலையிலும் சர்ச்சில் கிறிஸ்துமஸ் அன்று விமானம் ஏறி ஏதென்ஸில் வந்து இறங்கினார்.

விடுவிக்க வருகிற படை யாருடையதோ, விடுதலையும் அவர்களுடையது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 செம்மண்

பாதிக் கதையைச் சொல்லிவிட்டு முழுத் தீர்ப்பும் வழங்கிவிட்டீர்கள்.

பிரிட்டிஷார் எலாஸை வந்து கட்டிப்போடவில்லை. கையை நீட்டிக் கொடுத்தது ஈ.ஏ.எம். தலைவர்கள்தான். 1944 மே மாதம் லெபனானில் கூடி, நாடு கடந்து வாழ்ந்த அரசாங்கத்தோடு சேர ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பரில் கசெர்ட்டாவில், எலாஸ் முழுவதையும் ஸ்கோபி என்ற பிரிட்டிஷ் ஜெனரலின் உத்தரவின் கீழ் வைக்கச் சம்மதித்தார்கள். அதற்கு அடுத்த மாதம் ஜெர்மானியர் கிளம்பும்போது ஏதென்ஸ் திறந்த வீடாகக் கிடந்தது. உள்ளே போக வேண்டியவர்கள் வாசலில் நின்று விருந்தாளிக்காகக் காத்திருந்தார்கள்.

யுகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாத் தலைவர் டிட்டோ என்ன செய்தார்? போர் உச்சத்தில் இருந்தபோதே, 1943 நவம்பர் 29 அன்று யாய்ட்சே என்ற சிற்றூரில் மக்கள் மன்றத்தைக் கூட்டி, இதுதான் இனி அரசு, மன்னர் திரும்பக் கூடாது என்று அறிவித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்டாலினே முகம் சுளித்தார்.

வார்க்கிசாவை ஏற்காத ஒருவர் கிரீஸிலும் இருந்தார், எலாஸின் தளபதி ஆரிஸ் வெலூகியோட்டிஸ். அவரை அவருடைய கம்யூனிஸ்ட் கட்சியே பகிரங்கமாகக் கைகழுவியது. 1945 ஜூனில் மலையில் சுற்றி வளைக்கப்பட்டு இறந்தார். தலையை வெட்டி எடுத்து திரிகலா நகரத்தில் தொங்கவிட்டார்கள். முடியாமல் போகவில்லை ஐயா. முடியவிடாமல் செய்தார்கள்.

#3 கணக்கப்பிள்ளை

ஒவ்வொரு தோல்விக்கும் துரோகம் என்று பெயர் வைத்துவிட்டால் வேலை சுலபம்.

டிட்டோவின் வீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1944 அக்டோபர் 20 அன்று பெல்கிரேடுக்குள் அவருடைய ஆட்கள் நுழைந்தபோது பக்கத்தில் சோவியத் செஞ்சேனையின் டாங்கிகள் இருந்தன. கிரீஸுக்கு அந்த டாங்கிகள் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அந்த அக்டோபர் 9 அன்று மாஸ்கோவில் சர்ச்சில் ஒரு துண்டுத் தாளில் சதவீதம் எழுதி ஸ்டாலினிடம் நகர்த்தினார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரீஸில் பிரிட்டனுக்கு 90. ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். ஏதென்ஸ் தெருவில் சாகப் போகிறவர்கள் எவருக்கும் இது தெரியாது.

#4 செம்மண்

அதே தாளில் யுகோஸ்லாவியாவுக்கு ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதியிருந்ததைப் பக்குவமாக விட்டுவிட்டீர்களே. சர்ச்சிலின் ஐம்பது எங்கே போயிற்று? பெல்கிரேடைப் பிடித்த கையோடு செஞ்சேனை ஹங்கேரிப் பக்கம் நகர்ந்துவிட்டது. மீதி நாட்டைப் பிடித்ததும் ஆண்டதும் டிட்டோவின் ஆட்கள். 1945 ஆகஸ்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம். தாளில் எழுதினால் மட்டும் ஒரு நாடு நடந்துவிடாது.

#5 கணக்கப்பிள்ளை

அந்த ஐம்பதை விட்டது என் தவறுதான். ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை.

#6 நிலமங்கை

மூன்று பேரும் தலைநகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எந்தப் படை எந்தத் தெருவில் எந்தத் தேதியில் என்று பேசுகிறீர்கள். படை வெளியேறும் நாளில்தான் புரட்சி தொடங்குகிறது என்று மூவருமே வைத்துக்கொண்டதால் வந்த வினை இது. எனக்குத் தெரிந்த வரையில் சமூகப் புரட்சியில் பாதி, ஆக்கிரமிப்பு நடக்கும்போதே நடந்துவிடுகிறது. அதை யாரும் திட்டமிடுவதில்லை. பசி திட்டமிடுகிறது. அப்படிக் கைமாறியதை, பின்னால் வருகிறவர்கள் திரும்பப் பிடுங்க முடிகிறதா என்பதுதான் மீதிப் பாதி.

கிரீஸிலேயே காட்டுகிறேன். 1941–42 குளிர்காலத்தில் ஏதென்ஸில் மக்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். ஆக்கிரமித்தவன் தானியத்தை அள்ளினான், பிரிட்டிஷார் கடலை முற்றுகையிட்டிருந்தார்கள். அந்த வேளையில் அரசாங்கம் என்ற ஒன்று சோறு போடவில்லை, கஞ்சித் தொட்டி வைத்தவர்கள்தான் அரசாங்கம் ஆனார்கள். ஈ.ஏ.எம். வளர்ந்தது அப்படித்தான், பிரசங்கத்தால் அன்று. மலை ஊர்களில் வழக்கு என்று வந்தால் முன்பு பட்டணத்துக்கு நடந்து போய், வக்கீலுக்குப் பணம் கட்டி, தனக்கே புரியாத பண்டித கிரேக்கத்தில் எவனோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மக்கள் நீதிமன்றம் வந்தபின் ஊரே தேர்ந்தெடுத்த ஆட்கள், பேச்சுமொழியில், வக்கீல் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தீர்த்தார்கள். வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு, சீதனத் தகராறு. 1944 ஏப்ரலில் ஈ.ஏ.எம். மலையில் அமைத்த அரசாங்கம் நடத்திய தேர்தலில் பெண்களும் வாக்களித்தார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் மே மாதம் கொரிஸ்காதெஸ் என்ற மலையூரின் பள்ளிக்கூடத்தில் கூடியது. ஜெர்மானியர் அப்போது ஏதென்ஸில்தான் இருந்தார்கள்! விடுதலைக்கு முன்பே நடந்தது இது.

வார்க்கிசாவுக்குப் பிறகு அந்த நீதிமன்றம் போயிற்று. வாக்குரிமையும் போயிற்று. கிரேக்கப் பெண்கள் பொதுத் தேர்தலில் வாக்களிக்க 1956 வரை காத்திருந்தார்கள். ஒருமுறை நடந்தது மறுபடி நடக்கப் பன்னிரண்டு ஆண்டு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

இனி நான் கண்ணால் பார்த்த ஊருக்கு வருகிறேன்.

சுமத்ராவில், மேடான் நகரத்தில், பாமாயில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்தேன். ஊரின் நடுவே டெலி சுல்தானின் மைமூன் அரண்மனை மஞ்சள் பூச்சோடு நிற்கும். உள்ளே வாடகைக்கு மலாய்ப் பட்டுடை கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு சிம்மாசனத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளலாம். நானும் எடுத்துக்கொண்டேன். என் பக்கத்து மேசையில் இருந்த ஜாவானியப் பெரியவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒன்றுதான் மிச்சம், மற்றதெல்லாம் 46இல் போய்விட்டது" என்றார். அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தோனேசியாவில் இதற்கு அந்தப் பெயரே உண்டு: ரெவொலூசி சோசியால், சமூகப் புரட்சி. 1946 மார்ச் மாதம் கிழக்குச் சுமத்ராவின் சுல்தான்களும் ராஜாக்களும் ஒரு சில நாட்களில் சரிந்தார்கள். மார்ச் 3 அன்று ஆசஹானில் அரண்மனை தாக்கப்பட்டது, லங்காட், சிமலுங்குனிலும் அதே கதைதான். டெலி அரண்மனை தப்பியதற்குக் காரணம் சுல்தானின் புண்ணியம் அன்று. மேடானில் அப்போது நேசநாட்டுப் படை முகாமிட்டிருந்தது. வடகரையான் சொல்கிற படைக் கணக்கு அந்த ஒரு நகரத்துக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை.

ஆனால் அரண்மனை எனக்குப் பெரிதாகப் படவில்லை. நிலத்தைப் பாருங்கள். டெலி என்பது சுருட்டின் மேல்சுற்றுக்கான புகையிலைக்கு உலகப் பெயர் பெற்ற மண். சுல்தான்கள் டச்சுக் கம்பெனிகளுக்கு அதை நீண்ட குத்தகைக்கு விட்டுப் பணக்காரர்கள் ஆனார்கள். ஒரு வருடம் புகையிலை, பிறகு பல வருடம் தரிசு. அந்தப் பரந்த தரிசைப் பார்த்துக்கொண்டே கூலிகள் அரை வயிற்றோடு லயத்தில் கிடப்பார்கள். 1942இல் ஜப்பானியன் வந்தான். சுருட்டு யாருக்கு வேண்டும்? சோற்றுக்குப் பயிர் வை என்றான். ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களும் பக்கத்து மலைநாட்டு பாத்தாக் மக்களும் சீனரும் புகையிலை நிலத்தில் இறங்கி நெல்லும் மரவள்ளியும் போட்டார்கள். ஜப்பானியன் தன் வயிற்றுக்காகச் செய்த ஏற்பாடு அது. அவன் போனபின் யாரும் எழுந்து போகவில்லை.

சுல்தானைக் கொன்றவர்கள் ஒரு மாதம் புரட்சி செய்தார்கள். இவர்கள் பத்து வருடம் செய்தார்கள், களைக்கொத்தால்.

#7 முகிலன்77

அம்மா, எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மெல்லக் கடந்துவிட்டீர்கள். லங்காட்டில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அமீர் ஹம்சா. மலாய் மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். அரச குடும்பத்தில் பிறந்தது தவிர அவர் செய்த குற்றம் என்ன? புதிய குடியரசின் பிரதிநிதியாகவே அவர் பதவியில் இருந்தார். அவரையும் கொன்றார்கள். இதற்கு நம் ஊரில் சமூகப் புரட்சி என்று பெயர் வைப்பதில்லை, பழிதீர்ப்பு என்றுதான் சொல்வோம்.

#8 நிலமங்கை

கடந்துவிடவில்லை, பதிவு நீண்டுவிட்டது என்று நிறுத்தினேன். அமீர் ஹம்சாவின் கொலைக்கு நியாயம் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்லவும் முடியாது. அவர் கவிதையைப் படிக்கவென்றே மலாய் கற்றவள் நான்.

பழி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். வட ஜாவாவில் தெகால், பிரெபெஸ், பெமாலாங் என்று மூன்று மாவட்டங்கள். ஜப்பானியர் காலத்தில் கிராமத்துக்கு இவ்வளவு நெல் என்று விதித்தார்கள். அதை வசூலித்துக் கொடுத்தவன் ஜப்பானியச் சிப்பாய் அன்று, நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மணியக்காரர். அவருக்கு மேலே தாசில்தார், அவருக்கு மேலே கலெக்டர், எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், டச்சுக்காரன் காலத்திலிருந்து அதே குடும்பங்கள். துணி இல்லாமல் ஜனங்கள் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ரோமுஷா என்ற கட்டாய வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அதே மணியக்காரர்தான். 1945 அக்டோபரில் ஜனங்கள் திருப்பிக் கொடுத்தார்கள். மணியக்காரரைப் பிடித்து, கோணியைக் கட்டிவிட்டு, தகரத்தையும் சட்டியையும் தட்டிக்கொண்டு தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். தொம்ப்ரெங் என்று அதற்குப் பெயர், அந்தச் சத்தத்தையே பெயராக்கியது. யாரைக் கோணி கட்ட வைத்தானோ அவர்கள் அவனுக்குக் கோணி கட்டினார்கள்.

அவனுக்கு மட்டும் கட்டவில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பெண் கல்விக்காகக் குரல் கொடுத்த கார்த்தினியின் தங்கை கர்தினா, தெகாலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர். வயதான காலத்தில் அவருக்கும் கோணி கட்டித் தெருவில் நடத்திப் போனார்கள். காலஞ்சென்ற கணவர் ஒரு காலத்தில் தெகாலின் கலெக்டராக இருந்தவர், அதுதான் காரணம். பழி என்று வந்தால் கண் தெரிவதில்லை. இங்கே நானும் முகிலனும் ஒரே பக்கம்தான்.

இன்னொன்று, வடகரையானுக்கு. இந்த மூன்று மாவட்டப் புரட்சியை அடக்கியது பிரிட்டிஷாரும் இல்லை, டச்சுக்காரரும் இல்லை. டிசம்பரில் இந்தோனேசியக் குடியரசின் சொந்த ராணுவம்தான் அடக்கியது. ஜகார்த்தாவில் இருந்த தலைவர்களுக்கு உலகத்தின் முன் ஒழுங்கான நாடாகத் தெரிய வேண்டியிருந்தது. முதலில் நாடு, சமூகம் பிறகு என்றார்கள். தெகாலில் கூட்டத்தை நடத்திய குத்தில் என்பவர் ஒரு நாவிதர். அவருக்கு மரண தண்டனை விதித்ததும் குடியரசின் நீதிமன்றம்தான்.

#9 மட்டுறுத்துநர்

துரோகி, கைக்கூலி போன்ற சொற்கள் இருந்த இரு பதிவுகள் நீக்கப்பட்டன. விஷயத்தைப் பேசுங்கள்.

#10 கெடாக்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நிலமங்கை அம்மா மரவள்ளி என்று எழுதியதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

எங்கள் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலம் என்றால் அவருக்கு இரண்டுதான்: ஒன்று சயாம் மரண இரயில் பாதை, மற்றொன்று மரவள்ளிக்கிழங்கு. அவருடைய அண்ணனை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பால் மரம் வெட்டினால் வாங்க ஆள் இல்லை. துரை கப்பல் ஏறிவிட்டார். ஆகவே தோட்டத்தின் ஓரமாக ஓடை பக்கம் இருந்த நிலத்தைத் திருத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டார்கள். பாட்டி சொல்வார்: "பசிதான், ஆனால் அந்தத் தரை நம்முடையது மாதிரி இருந்தது."

எங்கள் ஆட்கள் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். கிராணிக்கும், அதாவது தோட்டக் கணக்கருக்கும், அப்படித்தான். 1941இல் கிள்ளான் பகுதியில் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதை ஒழிப்பதும் ஒன்று. நாதனை நாடு கடத்தினார்கள், வழக்கம் அப்படியே இருந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரனையே சிறையில் தள்ளினான். எங்கள் இளைஞர்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பூட்ஸ் காலோடு நடை பயின்று திரும்பி வந்தார்கள். 1946இல் துரை திரும்பி வந்து தோட்டத்துப் பாதையில் கார் ஓட்டிப் போனபோது எங்கள் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை எல்லாத் தீபாவளிக்கும் ஒருவர் சொல்வார்.

கெடாவில் தொண்டர் படை என்று ஒன்று உருவாயிற்று. கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், கோயிலில் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள், தடி பிடித்து அணிவகுத்தார்கள். போலீஸ் வந்து அடித்து நொறுக்கியது.

#11 செம்மண்

கெடாக்காரன் ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

மலாயாவிலும் என் வாதம் நிற்கிறது என்று நினைக்கிறேன். 1945 ஆகஸ்ட் நடுவில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் தொடக்கம் வரை பிரிட்டிஷ் படை வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் காட்டிலிருந்து இறங்கி வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையிடம்தான் பல சிற்றூர்கள் இருந்தன. அந்தப் படையை நடத்திய மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி என்ன முடிவு எடுத்தது? பிரிட்டிஷாரோடு ஒத்துழைப்பது. டிசம்பர் 1 அன்று படையைக் கலைத்து, ஆளுக்கு 350 டாலர் வாங்கிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முடிவெடுத்த பொதுச் செயலாளர் லாய் டெக், முதலில் பிரிட்டிஷாருக்கும் பிறகு ஜப்பானியருக்கும் உளவு சொன்னவர் என்பது 1947இல்தான் வெளியே வந்தது. மட்டுறுத்துநர் மன்னிக்க, இவருக்கு வேறு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

#12 கெடாக்காரன்

லாய் டெக் இல்லாவிட்டாலும் எங்கள் தோட்டத்தில் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, தோழரே. காட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள், ஜப்பானியனை எதிர்த்துச் செத்தவர்கள். எங்கள் பையன்கள் ஜப்பானியன் கொடுத்த துப்பாக்கியோடு டெல்லிக்குப் போகப் புறப்பட்டவர்கள். அந்த மூன்று வாரத்தில் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலாய்க் கிராமங்கள் இருவரையும் பார்த்துப் பயந்தன, சில இடங்களில் வெட்டுக்குத்தும் நடந்தது. ஒரே ஆக்கிரமிப்பு மூன்று இனத்துக்கு மூன்று விதமாக நடந்தது. புரட்சி என்று ஒன்று வந்திருந்தால் அது எந்த மொழியில் பேசியிருக்கும்?

பின்னால் தொழிற்சங்கத்தில்தான் சேர்ந்தார்கள். சம்மேளனத்தின் தலைவராக வந்தவர் கணபதி, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம்.

#13 வடகரையான்

கணபதியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்று. ஏதென்ஸில் எலாஸோடு போரிட்ட பிரிட்டிஷ் படையில் நான்காவது இந்திய டிவிஷன் உண்டு. சைகோனில் இறங்கியது இருபதாவது இந்திய டிவிஷன். சுரபாயாவில் ஐந்தாவது. நிலமங்கை சொன்ன மேடான் அரண்மனையைக் காத்தது இருபத்தாறாவது. ஒரே ஆண்டுக்குள் உலகத்தின் நான்கு மூலைகளில் நம் நாட்டுச் சிப்பாய்களைக் கொண்டுதான் பழைய ஒழுங்கை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நேரு அப்போது கண்டித்தார். ஜாவாவில் சில நூறு பேர் படையை விட்டு இந்தோனேசியர் பக்கம் போனார்கள். மற்றவர்கள் சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்தார்கள். என் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. எழுதும்போது சந்தோஷமாக இல்லை.

#14 கணக்கப்பிள்ளை

நான் கொரியாவைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஆய்வுக்கூடச் சோதனை மாதிரி. ஒரே மக்கள், ஒரே ஆக்கிரமிப்பு, ஒரே நாளில் விடுதலை, நடுவில் ஒரு கோடு.

1945 ஆகஸ்ட் 15க்குப் பிறகு நாடு முழுக்க ஊருக்கு ஊர் மக்கள் குழுக்கள் முளைத்தன. செப்டம்பர் 8 அன்று அமெரிக்கர் இஞ்சோனில் இறங்கினார்கள். அவர்கள் அந்தக் குழுக்களை ஏற்கவில்லை, ஜப்பானியரிடம் வேலை பார்த்த கொரியப் போலீஸைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் அரிசிக்குக் கட்டுப்பாடு கிடையாது, சுதந்திரச் சந்தை என்று அறிவித்தார்கள். அமோக விளைச்சல் ஆண்டு அது! சில மாதத்தில் அரிசி கடைகளிலிருந்து மறைந்தது, விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு பயந்து, விவசாயியிடம் கட்டாயக் கொள்முதல். அதை வசூலிக்கப் போனது யார்? அதே போலீஸ். ஜப்பானியனுக்கு வசூலித்த அதே ஆள், அதே வீட்டு வாசலில். 1946 அக்டோபரில் டேகுவில் தொடங்கித் தெற்கு மாகாணங்கள் பற்றி எரிந்ததற்கு மாஸ்கோ தேவையில்லை. அந்த வாசல் போதும்.

வடக்கில் 1946 மார்ச்சில் நிலச் சீர்திருத்தம். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட்டது. அங்கே செஞ்சேனை இருந்தது, ஆகவே வடகரையான் சொல்வது சரி என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன்.

ஆனால் தெற்கிலும் நடந்ததே! மக்கள் குழுக்களை அடக்கிய அமெரிக்கர்களே 1945இல் குத்தகையை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 1948இல் ஜப்பானியர் விட்டுப்போன நிலத்தை உழுதவர்களுக்கு விற்றார்கள். 1949இல் தென்கொரியாவே சட்டம் போட்டு, 1950இல் நிலச்சுவான்தார்களின் நிலத்தைப் பிரித்தது. வடக்கில் நடந்ததைப் பார்த்து வந்த பயம் ஒரு பக்கம், உள்ளூர்க் கலகம் இன்னொரு பக்கம். யாங்பான் என்ற பழைய மேற்குடிக் குடும்பங்களின் நிலப் பிடி இரண்டு பக்கத்திலும் உடைந்தது. வென்றவர்கள் தோற்றவர்களின் வேலைத்திட்டத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்து நிறைவேற்றியிருக்கிறார்கள்.

இதை நான் புரட்சி என்று சொல்ல மாட்டேன். நடக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

#15 முகிலன்77

கணக்கப்பிள்ளை மனம் மாறிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

#16 கணக்கப்பிள்ளை

மனம் மாறவில்லை. பேரேட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

#17 செம்மண்

வியட்நாமைச் சொல்லாமல் இந்தப் பேச்சு எப்படி முடியும்? நிலமங்கையின் பசி வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1945 முதல் மாதங்களில் வட வியட்நாமில் பஞ்சம். பல இலட்சம் பேர் செத்தார்கள், இருபது இலட்சம் என்று அந்த நாடு சொல்லும். நெல் இருந்தது. ஜப்பானியர் கையகப்படுத்திக் களஞ்சியங்களில் பூட்டி வைத்திருந்தார்கள். ஹோ சி மின்னின் விடுதலை முன்னணியான வியட்மின் சித்தாந்தம் பேசிக்கொண்டிருக்கவில்லை, களஞ்சியத்தை உடையுங்கள் என்றது. பூட்டை உடைத்த கிராமம் மறுநாள் பழைய அதிகாரிக்குப் பணியுமா? ஆகஸ்ட் 19 அன்று ஹனோய் கிட்டத்தட்ட இரத்தம் சிந்தாமல் கைக்கு வந்தது.

தெற்கே சைகோனில் அந்தப் பஞ்சம் இல்லை. அங்கே பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசி வந்தார், சிறையில் இருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று அவர்கள் நகராட்சிக் கட்டடத்தைப் பிடித்தார்கள். பிறகு சரணடைந்த ஜப்பானியப் படையையே கிளர்ச்சியை அடக்கவும் பயன்படுத்தினார்கள். ஆக்கிரமித்தவனைக் கொண்டே விடுதலையைக் காவல் காப்பது!

#18 கணக்கப்பிள்ளை

அதே வியட்நாமில் 1953க்குப் பிறகு வந்த நிலச் சீர்திருத்தத்தில் எத்தனை அப்பாவிகள் நிலச்சுவான்தார் என்று முத்திரை குத்தப்பட்டுச் செத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 1956இல் ஹோ சி மின்னே தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

#19 செம்மண்

எழுதுகிறேன். மறைக்க மாட்டேன். களஞ்சியத்தை உடைத்தவர்களும் அந்த மேடையில் ஊரைக் கூட்டித் தீர்ப்பு சொன்னவர்களும் ஒரே ஆட்களா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத இடம்.

#20 வடகரையான்

நிலமங்கை, மேடானில் அந்தக் களைக்கொத்துக்காரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்? பத்து வருடம் என்றீர்களே.

#21 நிலமங்கை

டச்சுக்காரர் 1947இல் படையோடு திரும்பி வந்து கிழக்குச் சுமத்ராவைப் பிடித்தார்கள், தோட்டங்களை மறுபடி ஓட்டினார்கள். 1949இல் ஹேக் மாநாட்டில் இந்தோனேசியாவுக்கு விடுதலை எழுதிக் கொடுத்தபோது கம்பெனிகளின் சொத்துக்குப் பாதுகாப்பும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆகவே சுதந்திர நாட்டின் அரசாங்கமே புகையிலை நிலத்தைக் காலி செய்து கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1953 மார்ச்சில் மேடானுக்குப் பக்கத்தில் தஞ்சோங் மொராவாவில் போலீஸ் துணையோடு டிராக்டர் வந்தது. ஜனங்கள் பயிருக்கு முன்னால் நின்றார்கள். போலீஸ் சுட்டது, ஐந்து பேர் இறந்தார்கள். ஜகார்த்தாவில் அதை வைத்து எழுந்த புயலில் பிரதமர் வில்லோப்போவின் அமைச்சரவை கவிழ்ந்தது. ஒரு மரவள்ளித் தோட்டத்தின் மேல் டிராக்டர் ஏறியதற்காக ஒரு நாட்டின் அரசாங்கம் போயிற்று.

நான் வேலை பார்த்த காலத்திலும் எங்கள் அலுவலகத்தில் நில வரைபடம் ஒன்று இருந்தது. நகரத்தைச் சுற்றிய பழைய தோட்ட நிலங்களில் பல இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு நிரப்பியிருப்பார்கள். தகராறு நிலம் என்று அர்த்தம். அழிரப்பரும் பென்சிலும் அந்த மேசையில் எப்போதும் இருக்கும். யாரும் மையில் எழுதிப் பார்த்ததில்லை.

#22 முகிலன்77

கெடாக்காரன் ஐயா, உங்கள் பாட்டி ஓடைப் பக்கம் திருத்திய நிலம்?

#23 கெடாக்காரன்

துரை திரும்பி வந்த சில மாதத்தில் மண்டோர், அதாவது கங்காணி, வந்து கிழங்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், ரப்பர் கன்று வைக்கப் போகிறோம் என்றார். பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்கத் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் கிழங்குதான் என்று பாட்டி சொல்வார். கையில் இருந்த வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு அரிசி கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் வந்ததுமே அது செல்லாது என்று சொல்லிவிட்டான். நோட்டுக் கட்டைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

கன்று வைக்கக் குழி வெட்டும் வேலைக்குப் பாட்டியையே கூலிக்கு எடுத்தார்கள். எந்த இடத்தில் மண் இளகியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.